சுவரில் ஏறாத பல்லி

எங்கள் வீட்டில் பல்லிக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. டியூப்லைட்டுக்குப் பின்னால் இரண்டு, பூஜை அலமாரியில் ஒன்று, சமையலறை ஜன்னலில் ஒரு பெரிய குடும்பம். விளக்குமாற்றால் அவற்றை விரட்டுவது அம்மாவின் அன்றாட வேலை. ஆனால் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அதே பல்லி சத்தம் கொடுத்துவிட்டால், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "பாத்தியா, பல்லியே சொல்லிப்போடுச்சு" என்று விரலால் தரையைத் தட்டுவார். இந்த வீட்டில்தான் என் தங்கை மாடி அறையிலிருந்து இறங்கி வந்து, காசு கொடுத்து ஒரு பல்லி வாங்க வேண்டும் என்றாள்.

அவள் இறங்கி வந்ததே எங்களுக்குப் பெரிய விஷயம். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள் ஒருநாள் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், அப்படியே எங்களிடம் வந்து சேர்ந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பீளமேட்டில் எங்கள் வீதியில் எல்லாரும் எல்லாரையும் விசாரிப்பவர்கள். "ஏனுங்க, மக எப்படி இருக்கறாங்க?" என்று கேட்டால் அம்மா "நல்லாருக்கறாங்க, ஊட்டுல இருந்தே வேல பாக்கறா" என்பார். நானும் அதையேதான் சொன்னேன். அவளிடமே கேட்டாலும், "தலவலிண்ணா, தூங்கினாச் சரியாப்போகும்" என்பாள். மூன்று பேரும் சேர்ந்து அந்தப் பொய்யை நன்றாகக் காப்பாற்றி வந்தோம்.

அவள் பல்லி கேட்பதற்கு முன்னால் நானாக ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று ரோட்டோரத்தில் ஒரு ஜோடி லவ்பேர்ட்ஸ் வாங்கி வந்து அவள் அறையில் மாட்டினேன். இறகுத் தூசியில் அவளுக்கு வீசிங் வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு தினை வைத்தாள், தண்ணீர் மாற்றினாள். ஒன்று செத்தது, அதன் சோகத்திலோ என்னவோ மற்றதும் செத்தது. முருங்கை மரத்தடியில் அவளே குழி தோண்டிப் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டே, "என் கை பட்டா எதுவும் தங்காதுண்ணா" என்றாள். அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. கணக்குப் போட்டு விடை வந்ததைப் போலச் சொன்னாள்.

எனவே இப்போது அவள் கேட்கிற பல்லி உயிரோடு இருந்தாக வேண்டும். அதுவும் செத்தால் அவள் கணக்கை யாரும் திருத்த முடியாது. எனக்கிருந்த பயமெல்லாம் இது ஒன்றுதான்.

அவள் கேட்டது லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, கண்ணுக்கு இமை உண்டு, ரோமம் இல்லை, இறகு இல்லை, வீசிங் வராது. பாதத்தில் ஒட்டும் தன்மை இல்லாததால் சுவரில் ஏறாது. நன்றாகத் தின்று வளர்வதற்கு வால் தடித்திருக்கும். போனில் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"செவுத்துல ஏறாததுக்கு என்னத்துக்குக் கண்ணு பல்லின்னு பேரு?"

"அதுக்குத் தீனி என்ன தெரியுமாம்மா? உசுருள்ள புழு, கரப்பான்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

"கரப்பானா? மாசாமாசம் மருந்தடிச்சுக் கொல்றது பத்தாதுன்னு காசு குடுத்து வேற வாங்கறதா?" அதற்குமேல் அம்மா தடுக்கவில்லை. மகள் ஒன்றை வேண்டும் என்று சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது.

நான் ஒரு பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு கேஜ் உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இரண்டும் அப்படியே நடந்தால் பாஸ், இல்லாவிட்டால் குப்பை. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். பல்லி விற்கிறவர்களில் நல்லவர் யார் என்று பார்க்க அப்படி ஒரு கேஜ் கிடைக்காமல்தான் திண்டாடிப் போனேன். ஒரு வீடியோவில் மணல் போடு என்றார்கள். அடுத்த வீடியோவில் மணல் போட்டால் அது பல்லியைக் கொன்றுவிடும் என்றார்கள். ஒருவர் அரசாங்கத்தில் பதிவு செய்யாமல் வைத்தால் உள்ளே போட்டுவிடுவார்கள் என்றார், இன்னொருவர் அதெல்லாம் கிளிக்குத்தான், இதற்கில்லை என்றார். தெளிவு வேண்டி வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து பல்லியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றேன். "வீட்டுல பல்லித் தொந்தரவா சார்?" என்று பரிவோடு கேட்டார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் கையில் இரண்டு நம்பர் மிஞ்சின. துடியலூர் நம்பர் தங்கை தேடிக் கொடுத்தது. சோமனூர் நம்பர் என்னோடு வேலை செய்கிறவர் கொடுத்தது. தங்கை யாரோடும் போனில் பேசுவதில்லை என்பதால் துடியலூருக்கு நானே அடித்தேன்.

எடுத்தது ஒரு பெண்மணி. கல்லூரியில் கணக்கு நடத்துகிறவர், வீட்டில் ஓர் அறையில் நாலைந்து ஜோடி வைத்து வளர்க்கிறார் என்று தங்கை சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க, வணக்கமுங்க. கெக்கோ குடுக்கறீங்கன்னு கேள்விப்பட்டனுங்க."

"யாருக்கு?"

"என்ற தங்கச்சிக்குங்க."

"சின்னப் பொண்ணா?"

"இல்லீங்க, முப்பது தாண்டிருச்சுங்க."

"அப்ப அவங்க ஏன் பேசல?"

"கொஞ்சம் ஒடம்பு சரியில்லீங்க."

"என்ன ஒடம்புக்கு?"

முன்பின் தெரியாத ஒருவர் இப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "காய்ச்சலுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"வீட்டுல பூச்சி மருந்து அடிக்கறதுண்டா?"

இதற்கு நல்ல பதில் என்னிடம் இருந்தது. "அதெல்லாம் மாசம் தவறாம அடிச்சுப்போடுவோமுங்க. ஊடு பளிச்சுன்னு இருக்குமுங்க."

"மருந்து பட்ட கரப்பானைத் தின்னா அது செத்துரும். இப்ப உங்களுக்குக் குடுக்க மாட்டேன். காய்ச்சல் சரியானதும் அவங்களே பேசட்டும்."

வைத்துவிட்டார். எனக்குக் காது சுட்டது. குடுக்க மாட்டேனாம்! வாங்க வந்தவனை இப்படியா விரட்டுவார்கள்? அம்மாவிடம் போய்ப் பொரிந்தேன்.

"பேச்சுல ஒரு 'ங்க' கூட இல்லியா கண்ணு?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. சம்பந்தம் பேச வந்தவங்களாட்டம் குடும்பத்தையே வெசாரிக்கறாங்க."

"அப்ப அவிய சகவாசமே வேண்டாஞ்சாமி. மரியாதை தெரியாதவிய கையில வளந்த சீவன் எப்படி இருக்கும்?"

அது எனக்கும் நியாயமாகவே பட்டது. எங்கள் பக்கத்தில் ஆளை எடை போடுவது இப்படித்தான். மாடு வாங்கினாலும், மனை வாங்கினாலும், எதிராளி வாயில் எத்தனை 'ங்க' வருகிறது என்று காது தானாக எண்ணிக்கொண்டிருக்கும். பேச்சில் பணிவு இருந்தால் சரக்கிலும் பழுது இருக்காது என்பது எங்கள் நம்பிக்கை.

சோமனூர்க்காரர் அந்த வகையில் தங்கமாக இருந்தார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் வெளியே வந்து, "வாங்ணா, வாங்ணா, வெயில்ல வந்திருக்கறீங்ணா, மொதல்ல உக்காருங்ணா" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீயும் தேங்காய் பன்னும் வந்தன. விசைத்தறிக் கொட்டகையை ஒட்டி ஒரு அறை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடுகிற ஓட்டத்தில் நாற்காலியே லேசாக நடுங்கியது. சுவரோரம் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பல்லி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். கிண்ணத்துத் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

"இதுங்ணா, நல்ல சாதுங்ணா. கையில வெச்சாத் தூங்கிப்போயிருமுங்ணா" என்று ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். குளிர்ந்து கிடந்தது. வால் பென்சில் கனம்தான் இருந்தது. படத்தில் பார்த்த பல்லிகளுக்கு வால் கேரட் மாதிரி தடித்திருந்ததே என்று கேட்டேன்.

"வளர வளர குண்டாயிருமுங்ணா. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்லீங்ணா."

மருந்தடிப்பதைக் கேட்டேன், பிரச்சினை இல்லை. கரண்ட் போனால், பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ரோடு வரைக்கும் அவர் வழியனுப்ப, நிம்மதியாக வீடு திரும்பினேன்.

தங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வால் எப்படி இருந்துச்சுண்ணா?"

"பென்சிலாட்டம்."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டது அவள், லீவு போட்டு அலைவது நான், ஒரு வார்த்தை நன்றாகச் சொன்னால் என்ன? படியேறிப் போய்க் கேட்டுவிடலாம் என்று போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து அவளே சொன்னாள்: "அதோட அம்மா அப்பாவைக் காட்டுவாங்களான்னு கேளுண்ணா." பல்லிக்கு அம்மா அப்பா. நான் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி சோமனூர், மறுபடி டீ, பன். தாய்ப் பல்லியைப் பார்க்க முடியுமா என்றேன்.

"அதுக வேற பண்ணைல இருக்குதுங்ணா."

"எங்கீங்க?"

"நம்ம பக்கந்தானுங்ணா."

எந்தப் பக்கம் என்று அவரும் சொல்லவில்லை, அதற்குமேல் கேட்க எனக்கும் நாக்கு வரவில்லை. ஆனால் வேலைப் புத்தி சும்மா இருக்காதே. கம்பெனியில் தரம் பார்க்கப் புதிதாக யார் சேர்ந்தாலும் நாங்கள் ஒரு காரியம் செய்வோம். நல்ல பாகங்களுக்கு நடுவே தெரிந்தே ஒரு பழுதான பாகத்தைக் கலந்துவிட்டு, அதை அவர் ஒதுக்குகிறாரா என்று பார்ப்போம். பன்னை மென்றபடி நான் என் பழுதை எடுத்து வைத்தேன்.

"மணல் போட்டு வளத்தலாமுங்களா?"

"தாராளமாங்ணா. பாலைவனத்துப் பிராணிங்ணா. மணல்தானுங்ணா அதுக்கு ஊடு."

கொஞ்சம் பொறுத்து, "மணலைத் தின்னா வயித்துல அடைச்சுக்கும்னு சொல்றாங்களே?" என்றேன்.

"ஆமாங்ணா, மணல் மட்டும் ஆகவே ஆகாதுங்ணா. உசுருக்கே ஆபத்துங்ணா."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "பால்சோறு வெக்கலாமுங்களா?"

"கொஞ்சமா வெக்கலாமுங்ணா."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவரைத் திருடர் என்று சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை. எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற மனிதரின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். என்னை வளர்த்ததும் அப்படித்தான். ஆனால் எந்தத் துளைக்குள்ளும் போகிற கேஜை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இவர் என்னிடம் எதற்கும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்ன ஒரே ஆள் துடியலூரில் இருந்தார். அவரை நினைத்தால் இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

என் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று எனக்கும் வாய் வரவில்லை. "ஊட்டுல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க, வாரேனுங்க" என்று எழுந்தேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பென்சில் வால் பல்லி கண் இமையை மெதுவாக மூடித் திறந்தது. கொண்டுபோனால் என் தங்கை கையில் சாகும், விட்டுப்போனால் இங்கே சாகும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

துடியலூருக்கு மறுபடி போன் செய்தேன். அந்த அம்மா குரலை அடையாளம் கண்டுகொண்டு, "காய்ச்சல் சரியாப்போச்சா?" என்றார்.

"காய்ச்சல் இல்லீங்க" என்றேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பெங்களூர், படிக்கட்டு, மாத்திரை, லவ்பேர்ட்ஸ், முருங்கை மரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீதியில் ஒருவருக்கும் சொல்லாததை, மரியாதை தெரியாதவர் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்த ஒருவரிடம் ஏன் சொன்னேன் என்பது எனக்கே புரியவில்லை.

அவர் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. "மருந்தடிக்கறத நிறுத்துங்க. அறையை நல்லாக் கழுவுங்க. அப்பறம் அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அம்மா முணுமுணுத்துக்கொண்டே அறையைக் கழுவினார். தங்கை வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன். குறித்த நாளில் தலையைப் பின்னிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் போகலாம் என்பாளோ என்று பயந்துகொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்திருந்தாள். துடியலூர் வரைக்கும் விடவில்லை.

அந்த வீட்டு மாடியறையில் சத்தமே இல்லை. இதமான சூடு. ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி. கேட்காமலே அந்த அம்மா ஒன்றை வெளியே எடுத்தார். "குட்டிங்களுக்கு இவதான் அம்மா." வால் என் கட்டைவிரலைவிடத் தடிமனாக இருந்தது. "அதோ அந்தப் பெட்டியில அப்பா. காட்டுல புடிச்சது எதையும் நான் வாங்கறதில்ல, விக்கறதும் இல்ல." பிறகு கண்ணாடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக்கொண்டு என் தங்கைக்குப் பரீட்சை வைக்க ஆரம்பித்தார். சூடு எவ்வளவு? எந்தப் பக்கம்? கால்சியம் எப்போது? தோல் உரிக்கும்போது விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால்?

அவள் பதில் சொன்னாள். தடுமாறாமல் சொன்னாள். ஈரப்பஞ்சு வைத்த டப்பா, அடியில் சூடு காட்டும் விரிப்பு, தரைக்கு மணல் வேண்டாம், காகிதம் போதும். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் இதையெல்லாம் எப்போது படித்தாள்? இந்தக் குரல் இத்தனை நாள் எங்கே இருந்தது? நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நாங்க எல்லாம் நல்லாப் பாத்துக்குவோமுங்க" என்றேன்.

"உங்களக் கேக்கல" என்றார்.

பிறகு அவளிடம் திரும்பி, சூட்டைப் பற்றிக் கேட்ட அதே குரலில் கேட்டார். "படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாத நாள் வருமா?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அதெல்லாம் இப்போது இல்லை, நன்றாகிவிட்டாள் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.

"வருமுங்க."

"அன்னைக்கு இதை யாரு பாப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். "தெரியலீங்க."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்து, எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லி, கடைசியில் கோட்டை விட்டாளே! அந்த அம்மா அடுக்கிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இறக்கி அவள் மடியில் வைத்தார்.

"முடியாத நாள் வந்தா வீட்டுல யார்கிட்டயாவது சொல்லு. சொல்ல ஆள் இல்லேன்னா எனக்குப் போன் போடு, நானே வந்து எடுத்துக்கறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

எல்லாம் பார்த்துக்கொள்வோம் என்ற நான் ஃபெயில், தெரியவில்லை என்றவள் பாஸ். இது எந்த ஊர்க் கேஜ் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த முறை அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்தாள்.

பல்லி தின்றது, தோல் உரித்தது, வால் தடித்தது. சுவரில் ஏறாது, சகுனமும் சொல்லாது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த அம்மா, கொஞ்ச நாளில் அதை "அம்மணி" என்று கூப்பிட ஆரம்பித்தார். தங்கை சில நாள் கீழே வந்து சாப்பிட்டாள். சில நாள் வரவில்லை. நாங்கள் வீதியில் வழக்கம்போல நல்லாருக்கறா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து "அண்ணா" என்று கூப்பிட்டாள். போனேன். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பழைய கோலம். தலைவலியா என்று கேட்கப் போனேன்.

"எனக்கு இன்னைக்கு முடியலண்ணா" என்றாள். "நீ புழு போடறயா?"

இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து 'முடியல' என்ற வார்த்தை வந்ததே இல்லை. முடியவில்லை என்று படுத்திருப்பவளைப் பார்த்து எவனாவது சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்தேன். அது நெளிகிற நெளிவில் எனக்குக் குமட்டியது. பல்லி வால் நுனியை ஆட்டி, தலையைச் சாய்த்து, என்னை நம்பலாமா என்று பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டு, சட்டென்று கவ்வியது.

"தின்னுச்சா?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

"தின்னுச்சு கண்ணு."